ஒருமுறை கட்டினால் போதாது

கணவன் மனைவி மாறி மாறி டிரெய்லர் ஓட்டுவது பற்றிய உங்கள் கட்டுரையில் லோடு கட்டுவதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். சேலம் உருக்காலையில் ஏற்றும் காயிலுக்கு, அதாவது நடுவில் துளையோடு சுருட்டிய எஃகுத் தகட்டுக்கு, அதுதான் உயிர்.

காயிலின் துளை பக்கவாட்டைப் பார்த்திருந்தால், பிரேக் பிடித்ததும் கேபினை நோக்கித்தான் உருளும். அதனால் முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, காயில் தளத்தில் படாமல் உட்கார வேண்டும். துளைக்குள் செயினை விட்டு ஒன்றை முன்பக்கமும் ஒன்றை பின்பக்கமும் இழுத்துக் கட்டுங்கள். எக்ஸ் போலக் குறுக்கே போடவே கூடாது. செயின் படும் விளிம்பில் ரப்பர் வையுங்கள். ஸ்டெயின்லெஸ் தகட்டில் கீறல் விழுந்தால் வாங்கும் பார்ட்டி சரக்கை எடுக்கமாட்டார். அமெரிக்க விதிப்படி 20 டன் சரக்கைக் கட்டும் செயின்கள் எல்லாம் சேர்ந்து குறைந்தது 10 டன் தாங்க வேண்டும். அதே விதிப்படி, கிளம்பிய 80 கிலோமீட்டருக்குள் இறங்கி மறுபடி இறுக்க வேண்டும். நம் ரோட்டுக்கு அதற்கும் முன்பே பார்ப்பது நல்லது, கட்டை அமுங்கினால் செயின் தொளதொளவென்று ஆகிவிடும்.

பெங்களூரு பக்கமிருந்து லோடோடு திரும்பினால் தர்மபுரி தாண்டி தொப்பூர் மலைப்பாதை இறக்கம். தயவுசெய்து நியூட்ரலில் விடாதீர்கள். மிச்சமாகும் டீசல் சொற்பம். பிரேக் டிரம் கொதித்தால் மிதித்தாலும் வண்டி நிற்காது. மேலேயே கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக் (புகையை அடைத்து இன்ஜினாலேயே வேகம் குறைப்பது) போட்டு இறங்குங்கள். பின் பெர்த்தில் தூங்குபவரை அதற்கு முன்பே எழுப்பிவிடுங்கள்.

மனைவிக்கும் கனரக லைசென்ஸ் வேண்டும். இலகுரக லைசென்ஸ் எடுத்து ஓராண்டு ஆகாமல் அதற்கு எல்எல்ஆர் (பழகுநர் லைசென்ஸ்) கூடக் கிடைக்காது.