கஞ்சியும் கவிஞரும்

(லண்டன், 1624. சலவைக்காரி வீட்டு அடுப்படி. அத்தை ஒரு காலத்தில் எலிசபெத் ராணியின் அரண்மனைச் சலவையில் இருந்தவள். அண்ணன் மகள் தொழில் பழக வந்திருக்கிறாள்.)

பெண்: கஞ்சி கொதிச்சிடுச்சு அத்தை.

அத்தை: கிண்டுறதை நிறுத்தாதே. கட்டி தட்டினா கழுத்துப்பட்டியில திட்டுத் திட்டா நிக்கும். அந்தக் காலத்துல கடல் தாண்டி ஃபிளாண்டர்ஸ் தேசத்துலேருந்து வந்த ஒரு பிளெமிஷ்காரி, கஞ்சி போடச் சொல்லித்தர நாலஞ்சு பவுன் வாங்குவா. காய்ச்சக் கத்துக்கத் தனியா 20 ஷில்லிங்.

பெண்: நான் சும்மாதானே கத்துக்கறேன்?

அத்தை: அதான் கட்டி தட்டுது. பட்டியை முக்கி, தட்டித் தட்டி அரை ஈரமாக்கு. இரும்புக் குச்சியைச் சுடவெச்சு மடிப்பு மடிப்பா விடு. முதல்ல கந்தல்ல தொட்டுப் பாரு. கந்தல் பழுத்தா பட்டி கருகும். மடிப்பை எண்ணிக்கிட்டே வா.

பெண்: ஒண்ணு, ரெண்டு... ஏன் அத்தை, ஆன் வாவசூர் அம்மாவுக்கு ரெண்டு புருஷன் கட்டினதுக்கு 2000 பவுன் அபராதமாமே?

அத்தை: அது கடைசிக் கூத்து. 1580ல அவ ராணியம்மா பள்ளியறைப் பணிப்பெண். கைச்சட்டை தனி, மார்க்கச்சு தனி, பாவாடை தனி. எல்லாத்தையும் நாடா கட்டி, குண்டூசி குத்திச் சேர்க்கணும். ஊசி தவறிச்சோ...

பெண்: தலை போயிடுமா?

அத்தை: கன்னம் வீங்கும். ராணியம்மாவுக்குக் கை நீளும். இந்த லட்சணத்துல ஆக்ஸ்போர்டு பிரபு எட்வர்ட் டி வேர் வந்தான். கவிஞன். ராணியம்மாவோட பொருளாளர் பர்லிக்கு மாப்பிள்ளை வேற. எதிரொலிப் பாட்டு ஒண்ணு உண்டு: வரி 'ஃபீவர்'னு முடிஞ்சா எதிரொலி 'வேர்'. 'எவர்'னா 'வேர்'. 'க்விவர்'னா 'வேர்'.

பெண்: அவன் எழுதினதா?

அத்தை: அவன்னு சிலர், அவதான்னு சிலர். எப்படியோ வேர் பிடிச்சது, காய்ச்சது.

பெண்: அத்தனை மாசமும் ராணி கண்ணுல படலையா?

அத்தை: உள்ளே வளையம் வெச்ச பாவாடைடி! இடுப்புக்குக் கீழே கூடாரம். பிள்ளை என்ன, பெரிய வாத்தையே ஒளிக்கலாம். கடைசியில 1581 மார்ச்ல ஒரு ராத்திரி, கன்னிப்பெண்கள் அறையில ஆண் குழந்தை.

பெண்: எந்த அறையில?

அத்தை: கன்னிப்பெண்கள் அறையில.

பெண்: பேரை மாத்தலையா?

அத்தை: சிரிக்காதே, மடிப்பு கோணுது. அவன் கடல் தாண்டப் பார்த்தான்னு துறைமுகமெல்லாம் காவல். ரெண்டு பேரும் லண்டன் கோட்டைச் சிறையில. அவன் ஜூன்ல வெளியே வந்தான். மறுவருஷம் அவ சொந்தக்காரர் தாமஸ் நிவெட் அவனோட வாள்சண்டை போட்டார். சண்டைக்காரங்க ரெண்டு பேருக்கும் காயம்.

பெண்: குழந்தை?

அத்தை: 1607லயே சர் எட்வர்ட் வேர் ஆயாச்சு. அவ ஃபிஞ்சுன்னு ஒரு கப்பல்காரனைக் கட்டினா. குடித்தனம் பண்ணினது ராணிக்காக ஈட்டிப்போட்டி ஆடின சர் ஹென்றி லீயோட. 1592ல ராணியம்மாவே அவர் டிட்ச்லி மாளிகைக்கு விருந்துக்குப் போனாங்க. லீ 1611ல கண்மூடின பிறகு ரிச்சர்ட்சனைக் கட்டினா.

பெண்: அதுல என்ன தப்பு?

அத்தை: ஃபிஞ்ச் சாகலையே!

பெண்: ஆக... வேர், ஃபிஞ்ச், லீ, ரிச்சர்ட்சன். நாலு.

அத்தை: மடிப்பை எண்ணச் சொன்னேன்டி!