சிங்கப்பூரில் போதைப்பொருள் ஒழிந்துவிட்டதா?

"சிங்கப்பூரில் தூக்கு வந்ததும் போதைப்பொருள் அடியோடு ஒழிந்தது, இப்போது ஒருத்தர்கூடத் தொடுவதில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி, பாதி தப்பு.

அங்கே புழக்கம் பல நாடுகளைவிடக் குறைவுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒழியவில்லை. கடத்தலுக்குத் தூக்கு 1975-இலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான், 1994-இல், பயன்படுத்தியதற்காகப் பிடிபட்டவர்கள் ஒரே ஆண்டில் ஆறாயிரத்தைத் தாண்டினார்கள். 2023-இலும் மூவாயிரத்துக்கு மேல். தூக்கு ஒன்றே போதுமென்றால் இருபது வருஷம் கழித்து அந்த எண்ணிக்கை எப்படி வந்தது?

அப்புறம், "தொட்டாலே தூக்கு" என்பதும் சரியில்லை. பயன்படுத்தியதற்கு மட்டும் தூக்கு கிடையாது; பலரைக் கட்டாய மறுவாழ்வு மையத்துக்குத்தான் அனுப்புகிறார்கள். கடத்தலிலும் அளவு உண்டு: சுத்த ஹெராயின் 15 கிராமுக்கு மேல், கஞ்சா 500 கிராமுக்கு மேல். அதே சமயம், கையில் 2 கிராம் ஹெராயினுக்கு மேல் இருந்தாலே கடத்தத்தான் வைத்திருந்தாய் என்று சட்டம் அனுமானிக்கும். இல்லையென்று நிரூபிப்பது பிடிபட்டவர் பாடு. இதுதான் பலருக்குத் தெரியாத இடம். வெறுமனே சுமந்து வந்தவர், விசாரணைக்கு உருப்படியாக உதவியதாக அரசுத் தரப்பு சான்று கொடுத்தால், 2013 முதல் ஆயுள் தண்டனையோடு தப்பலாம். சுமக்கிறவனுக்கு மேலிடத்து ஆள் யாரென்றே தெரியாதபோது எதைச் சொல்லி உதவுவான்?

சின்னத் தீவு, இறுக்கமான எல்லைச் சோதனை, கட்டாய மறுவாழ்வு எல்லாம் ஒன்றாக வேலை செய்யும் ஊரில், பலனைத் தூக்குக் கயிற்றின் கணக்கில் மட்டும் எழுத முடியாது.