ஒயாந்தைதாம்போவை ஒரே வரியில் தள்ளிவிடலாமா?
பெரு நாட்டில், இன்கா மக்களின் புகழ்பெற்ற மலை நகரமான மாச்சு பிச்சுவுக்கு ரயில் ஏறுவதைத் தவிர ஒயாந்தைதாம்போ என்ற ஊரில் வேலையில்லை என்று பயணக் கட்டுரையாளர் சொல்வதை ஏற்க முடியவில்லை. இன்கா காலத்துத் தெருக்களில் மக்கள் இன்றும் குடியிருக்கும் ஊர் அது. கல் பாவிய சந்துகளின் ஓரமாக, அன்று வெட்டிய வாய்க்காலில் மலைத்தண்ணீர் இப்போதும் சலசலத்து ஓடுகிறது. மேலே சூரியன் கோயிலில் நிற்கும் ஆறு பெரும் பாறைகளும் உருபாம்பா ஆற்றுக்கு அக்கரை மலையில் வெட்டி, ஆற்றைக் கடத்தி, சரிவில் ஏற்றப்பட்டவை. அவற்றின் இடுக்குகளில் செருகியிருக்கும் மெல்லிய கல் பட்டைகளைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். 1537-இல் இன்கா மன்னர் மாங்கோ இன்கா சமவெளியில் தண்ணீரைத் திறந்துவிட்டு ஸ்பானியத் தளபதி எர்னாண்டோ பிசாரோவின் குதிரைப்படையை விரட்டியதும் இங்கேதான். உயரமான இடங்களில் வரும் மலை நோய்க்கு அஞ்சுவதாக முன்பு எழுதிய வாசகருக்கு: விமானம் வந்திறங்கும் குஸ்கோ நகரம் சுமார் 3,400 மீட்டர் உயரம், இவ்வூர் 2,800 மீட்டர்தான், விமானத்திலிருந்து இறங்கியதும் நேரே இங்கே வந்து தங்குங்கள்.