பாட்டுப் படிச்சால் ரீச்சர் வேலை மட்டும்தானா?

போன கிழமை அக்கா வீட்டில் ஒரே சண்டை. அக்காவின் மகள் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வணிகம் படிக்கிறாள், இரண்டாம் வருடம். கூடவே வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகளையும் விடாமல் எழுதிக்கொண்டு வருகிறாள். "டிகிரியைப் பார், பாட்டு என்ன சோறு போடப்போகுதே?" என்று அக்கா. பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் தேத்தண்ணியைப் பார்த்தேன்.

அன்றைக்கு வாய் திறக்காத குறைக்கு இங்கே எழுதுகிறேன்.

வன்னியில் சங்கீதம் என்றால் ஒரே பாதைதான் எல்லோருக்கும் தெரியும். உயர்தரத்தில் எடுத்து, மருதனார்மடத்துக்கோ மட்டக்களப்புக்கோ போய்ப் படித்து, பிறகு ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருப்பது. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது சங்கீதத்தையே முழுதாகப் படித்தவர்களின் வரிசை. வேறு படிப்புக்குப் பக்கத்தில் பாட்டை வைத்திருக்கிறவள் அதன் வாலில் போய் ஏன் நிற்க வேண்டும்?

எங்கள் கோயில் திருவிழாவில் ஒரு பிள்ளை பாடினாள். சுருதி ஐந்தரைக் கட்டை, நல்ல குரல். மேல் சட்ஜத்தில், அதாவது மேல் 'ஸ'வில், நின்று பிடித்ததும் ஸ்பீக்கர் கூவத் தொடங்கியது. சவுண்ட்ஸ் தம்பி பதறிப்போய் அவளின் மைக்கையே குறைத்துவிட்டார். அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் நாங்கள் கேட்டது மிருதங்கக் கச்சேரி. தம்பி கெட்டிக்காரர்தான், மழைக்குள்ளும் லைன் இழுத்துக் கொடுப்பார். கூவுகிற அதிர்வெண்ணை மட்டும் வெட்டிவிட்டுக் குரலை விட்டுவைக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஐந்தரைக் கட்டைக்காரியின் மேல் சட்ஜம் ஏறத்தாழ 415 ஹேர்ட்ஸ். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிறவருக்கு அது ஒரு எண், பாடகிக்கு அது ஒரு சுரம். இரண்டும் ஒரே தலைக்குள் இருக்கிற ஆள் சவுண்ட் மிக்சருக்கு முன்னால் இருந்தால் எந்தக் கோயிலும் தேடி வரும். கலியாண மண்டபங்களைச் சொல்லவே வேண்டாம்.

அடுத்தது ஓன்லைன் வகுப்பு. ரொறன்ரோவில் சனிக்கிழமை காலை 9 மணி என்றால் கோடையில் எங்களுக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. பாட்டு நன்றாகத் தெரிந்தும் இந்த நேரக் கணக்கிலும் காசுக் கணக்கிலும் சறுக்கிப் பிள்ளைகளை இழந்த ரீச்சர்மாரைப் பார்த்திருக்கிறேன். வணிகம் படிக்கிறவளுக்கு அது பெரிய வேலையா?

கூத்தும் இருக்கிறது. முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்தின் வரிகள் கொப்பிகளில் கிடக்கும், மெட்டு கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரின் தொண்டையில்தான். அதைப் பதிவு செய்து, சுரப்படுத்தி, ஒழுங்காகப் பெயரிட்டு வைக்க ஆள் வேண்டும். ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்து வைக்கிற நூலக நிறுவனம் 2005இல் தொடங்கிய எண்ணிம வேலையில் இன்று ஒலிப்பதிவுகளும் சேர்கின்றன. இதில் பெரிய சம்பளத்தை எதிர்பார்க்காதீர்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இசைச் சிகிச்சை என்று சிலர் சொல்கிறார்கள். 2009ஐக் கண்ட ஊரில் அதற்குத் தேவை இல்லையென்று யார் சொல்வது? ஆனால் உளவளத்துணைப் பயிற்சி இல்லாமல் நாலு கீர்த்தனையோடு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

சரி, கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் சவுண்ட்ஸ் வைத்திருக்கிற அண்ணாமார் யாராவது விடுமுறைக்கு இவளை மிக்சருக்குப் பக்கத்தில் இருக்க விடுவீர்களா? வயரும் சுற்றித் தருவாள். அதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. அக்கா முகநூலில் இல்லை.