ஐனா பாயிலுக்குப் பாராட்டு போதாது

அயர்லாந்து இசையமைப்பாளர் ஐனா பாயிலின் பொறுமையைப் புகழ்ந்து யாராவது எழுதினால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வரும். அந்த அம்மாவுக்கு வாழ்நாள் முழுக்கக் கிடைத்ததே பாராட்டு மட்டும்தான்.

அயர்லாந்தின் விக்லோ மாவட்டத்தில், என்னிஸ்கெரி பக்கம் 1889இல் பிறந்தவர். அப்பா பாதிரியார், ஓய்வு நேரத்தில் வயலின் செய்கிறவர். 'தி மேஜிக் ஹார்ப்' என்ற ஆர்க்கெஸ்ட்ரா படைப்பை கார்னகி அறக்கட்டளை தேர்ந்தெடுத்தபோது ஐனாவுக்கு முப்பதை ஒட்டிய வயது. நல்ல தொடக்கம். 1923இல் லண்டனில் புகழ்பெற்ற ஆங்கில இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸிடம் பாடம் தொடங்கினார். ஒவ்வொரு தடவையும் கப்பலில் கடலைக் கடந்து, வேல்ஸ் கரையில் ரயில் ஏறிப் போக வேண்டும். பாடம் முடிந்ததும் அதே வழியாகத் திரும்பி, அம்மா, அப்பா, தங்கை என்று வீட்டு நோயாளிகளைக் கவனிக்க வேண்டும். உலகப் போர் வந்து கப்பல் பயணத்தை நிறுத்தும்வரை இப்படித்தான்.

இவ்வளவு குறைந்த அங்கீகாரத்தோடு விடாமல் எழுதுகிறீர்களே, துணிச்சல்தான் என்று வான் வில்லியம்ஸே ஒரு கடிதத்தில் மெச்சியிருக்கிறார். சரி, மெச்சினால் போதுமா?

ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதுகிறவர் ஒத்திகையில்தான் பாதிப் பாடம் படிக்கிறார். தாளில் அழகாக இருந்த புல்லாங்குழல் வரியை ஹார்ன் என்ற பித்தளை ஊதுகருவிகள் விழுங்கிவிடும். அதைக் காதால் கேட்டால்தான் அடுத்த படைப்பில் கை திருந்தும். ஐனா எழுதிய பெரிய படைப்புகளில் பலவற்றுக்கு அந்த வாய்ப்பே வரவில்லை. ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர்களுக்கும் வானொலிக்கும் பிரதிகளை அனுப்பிக்கொண்டே இருந்தார். பெரும்பாலும் மரியாதையான மறுப்புகள்தான் வந்தன. லண்டனிலேயே குடியிருந்து, கச்சேரி முடிந்த கையோடு நடத்துநரிடம் நாலு வார்த்தை பேச முடிந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். திறமைக்குக் குறைவில்லை, ஆள் பழக்கத்துக்குத்தான் குறைவு. (பணக்கஷ்டம் இல்லாத வீடு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வசதிகூட இல்லாமல் போனவர்கள் எத்தனை பேரோ!)

1967இல் இறந்தார். கையெழுத்துப் பிரதிகள் டப்ளின் டிரினிட்டி கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தன. தோழியும் இசையமைப்பாளருமான எலிசபெத் மக்கான்கி அவரைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். பிபிசி கான்செர்ட் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்த ஆல்பம் 2018இல்தான் வந்தது. 1920களில் எழுதிய 'கிளென்க்ரீ' சிம்பொனியும் அதில் இருக்கிறது.

ஆனால் கேட்பதை வயலின் கான்செர்டோவிலிருந்து, அதாவது தனி வயலினும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பிலிருந்து, தொடங்குங்கள். 1932இல் அம்மா இறந்த பிறகு அவர் நினைவாக எழுதியது. சிம்பொனியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.