ஒயிட் ராபிட் சீன அரசின் கலைக்கூடமா?

சிட்னியின் ஒயிட் ராபிட் கலைக்கூடத்தைச் சீன அரசுதான் பணம் கொடுத்து நடத்துகிறது என்றொரு பேச்சு சுற்றுகிறது. தவறு. உள்ளே முழுக்கச் சீனக் கலை, கட்டணமும் கிடையாது; சந்தேகம் வருவது இயல்புதான். ஆனால் பணம் நீல்சன் குடும்பத்துடையது. ஜிம்பாப்வேயில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஜூடித் நீல்சன், 2000க்குப் பிந்தைய சீனப் படைப்புகளைத் தேடித்தேடி வாங்கினார். அவற்றை வைக்க, சிட்னியின் சிப்பென்டேல் பகுதியில் ஒரு காலத்தில் ரோல்ஸ்ராய்ஸ் கார்களைப் பழுதுபார்த்த கட்டடத்தை மாற்றியமைத்து 2009இல் திறந்தார்கள். அப்புறம் இன்னொன்று: சீன அரசு 2011இல் 81 நாள் அடைத்துவைத்த சீனக் கலைஞர் ஐ வெய்வெய்யின் பீங்கான் சூரியகாந்தி விதைகளும் இந்தச் சேகரிப்பில் உண்டு. அரசாங்கம் காசு கொடுத்து அதை வாங்கி வைக்குமா?