மூன்று எண்களுக்கு அந்தச் சுருக்குவழி பொருந்தாது

"எத்தனை எண்கள் இருந்தாலும் எல்லாவற்றையும் பெருக்கி, மீப்பெரு பொதுக் காரணியால் வகுத்தால் மீச்சிறு பொது மடங்கு வந்துவிடும்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். இது தப்புங்க. இரண்டு எண்களுக்குத்தான் அது எப்போதும் சரி.

தி.நகரில் இருந்து மூன்று பஸ்கள் காலை 6 மணிக்கு ஒன்றாகக் கிளம்பி, பிறகு 12, 18, 30 நிமிடத்துக்கு ஒரு முறை கிளம்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். பகாக் காரணிகளாகப் பிரித்தால் 12 = 2×2×3, 18 = 2×3×3, 30 = 2×3×5. ஒவ்வொரு பகா எண்ணும் அதிகபட்சம் எத்தனை முறை வருகிறதோ அத்தனை முறை எடுத்தால் 2×2×3×3×5 = 180, அதாவது மூன்றும் மறுபடி சேர்ந்து கிளம்புவது காலை 9 மணிக்கு. உங்கள் வழியில் மூன்றையும் பெருக்கி வரும் 6480-ஐ மீப்பெரு பொதுக் காரணியான 6-ஆல் வகுத்தால் 1080 நிமிடம், நள்ளிரவு 12 மணி!

காரணம் இதுதான். இரண்டு எண்கள் என்றால் ஒரு பகா எண்ணின் சிறிய அடுக்கு (அடுக்கு என்றால் அது எத்தனை முறை வருகிறது என்பது) பொதுக் காரணிக்கும் பெரிய அடுக்கு பொது மடங்குக்கும் போய்விடும், மிச்சம் இருக்காது. மூன்று வந்தால் நடுவில் உள்ள அடுக்கு கணக்கில் சேராமல் நிற்கும், இங்கே ஒரு 2, ஒரு 3 அப்படி நின்றதால்தான் விடை ஆறு மடங்கு பெருத்துவிட்டது. 4, 5, 7 போல எந்த இரண்டுக்கும் 1-ஐத் தவிர பொதுக் காரணி இல்லாத எண்களில் சரியாக வரும், நீங்கள் போட்டுப் பார்த்தது அப்படிப்பட்ட எண்களாக இருக்கலாம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும் இதைப் பார்க்கிறார்கள், தயவுசெய்து திருத்திவிடுங்கள்.